இன்னும் செல்லுபடியாகவில்லை

கரண்ட் போய் வந்தால்
எங்கள் கடைக் கணினிக்கு எல்லாம் மறந்துவிடும்.
விசிறி சுற்றி, திரை வெளுத்து,
வலது மூலையில் கூச்சமே இல்லாமல் எழுதும்:
இரண்டாயிரத்து ஒன்பது, தை முதலாம் திகதி.

உள்ளே ஒரு மின்கலம் செத்துவிட்டது.
ஐந்து ரூபாய்க் குற்றியளவு.
வாங்க வேண்டும், வாங்க வேண்டும் என்று
இரண்டு சித்திரை போய்விட்டது.

முதலாளி இதையெல்லாம் கணக்கெடுப்பதில்லை.
சிவப்பு முக்கோணம் எழும்பி
'உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல' என்றால்
அடியில் பொடி எழுத்தாய் இருக்கிற வழியை அமத்தி
'பாதுகாப்பற்றது' என்ற சொல்லுக்கு மேலாலேயே
போய்விடுவார்,
'உள்ளே வராதே' பலகைக்குக் கீழால்
ஆடு நுழைகிற மாதிரி.

எனக்கு அந்த முக்கோணத்தில் ஒரு மரியாதை.
அது கேட்பது மூன்றே மூன்று:
நீ யார்,
உனக்குக் கையெழுத்து வைத்தது யார்,
எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை.
இதே மூன்றையும் மணல்மூட்டைக்குப் பின்னாலிருந்து
வேறு மொழியில் கேட்டிருக்கிறார்கள்.
அப்போது 'தொடர்ந்து செல்க' என்று
பொத்தான் ஒன்றும் இருக்கவில்லை.

ஒருநாள் ஒரு தளம்
தனக்குத் தானே கையெழுத்து வைத்துக்கொண்டு வந்தது.
சிரித்துவிட்டேன்.
கிராமசேவகரிடம் போகாமல்
நற்சான்றிதழைத் தானே எழுதிக்கொண்டு வந்து
என்னிடம் லேமினேட் பண்ணக் கேட்ட பவளேந்திரனின் ஞாபகம்.
அவன் கட்டாரில் நன்றாகத்தான் இருக்கிறான்.

புதன்கிழமை பத்தரைக்குக் கரண்ட் போனது.
வந்தபோது முன்கதிரையில் அழகேஸ்வரி.
மண்டூரில் பாதையேறி, குருமண்வெளியில் இறங்கி,
செருப்பில் வாவிச் சேறு காயாமல்
களுவாஞ்சிக்குடி வரை வந்திருந்தா.
மகனின் பிறப்பு அத்தாட்சிக்கு ஒரு பிரதி வேணும்.

திணைக்களத்தின் பக்கத்தைத் திறந்தேன்.
முக்கோணம்.
'இந்தச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை.'

"என்னவாம்?"
"மெசினுக்குத் திகதி பிழை.
நாம இன்னும் ஒன்பதாம் ஆண்டு, தை ஒண்டிலயாம்.
இவங்கட கடுதாசி அதுக்குப் பிறகு எழுதினது.
அதால இது நம்புதில்ல."

அவ திரையை எட்டிப் பார்க்கவில்லை.
"வியாழக்கிழமை" என்றா.

சுட்டியை மூலைக்குக் கொண்டுபோனேன்.
வியாழன்.

"அண்டைக்குப் பகல் இறால் ஆக்கி வெச்சன்.
உப்புக் கூடிற்று, கூடிற்று எண்டு
சொல்லிச் சொல்லித் திண்டான்."

வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று
நான் கேட்கவில்லை.
இந்தப் பக்கம் யாரும் கேட்பதில்லை.

திகதியை மாற்றக் கை வைத்தேன்.
"கொஞ்ச நேரம் அப்பிடியே இரிக்கட்டும் மனே."

விட்டேன்.
பின்னால் ஒரு பள்ளிப் பெடியன்
செயற்றிட்டக் கோப்போடு கால் மாற்றி நின்றான்.
கல்முனை பஸ் இரண்டு தரம் ஹோன் அடித்தது.
அந்தத் திகதியில் நின்றுகொண்டு
வங்கி திறக்காது, மின்னஞ்சல் திறக்காது,
திணைக்களம் திறக்காது,
நாளைக்கு மழையா என்றுகூடப் பார்க்க ஏலாது.
கதவுக்காரர் எல்லாரும் பிற்பாடு பிறந்தவர்கள்.
திறந்து கிடந்தது முகப்புப் படம் மட்டும்,
எந்த நாட்டினதோ ஒரு புல்வெளி.
அவ அதையே பார்த்துக்கொண்டிருந்தா.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது.
மணிக்கூடும் பிழை.

"சரி, மாத்துங்க."

வருடத்தை ஒவ்வொன்றாய்த்தான் கூட்ட வேண்டும்.
அம்புக்குறியை அமத்த அமத்த
பத்து, பதினொன்று, பன்னிரண்டு,
அவவின் உதடும் கூடவே அசைந்தது.
பக்கம் திறந்தது. முகவரிக்கு முன்னால்
சின்னப் பூட்டொன்று வந்து குந்தியது.
முழுப்பெயர், பிறந்த இடம், பதிவு இலக்கம்,
ஒன்றுக்கும் அவ தடுமாறவில்லை.

எல்லாமாக இருநூறு.
நூற்றைம்பது எடுத்தேன்.

பின்னேரம் மின்கலம் வாங்கினேன்.
லாச்சிக்குள் கிடக்கிறது, உறை பிரிக்காமல்.

நாளைக்கும் கரண்ட் வெட்டாம்.